பெஞ்சில் ஓர் ஆண்டு: சி.எல்.எஸ். பயிற்சி பற்றி வாசகர் கேள்விகள்

நோயாளிகளின் ரத்தம் முதலிய மாதிரிகளை ஆய்வகத்தில் சோதிப்பவர்களுக்குக் கலிஃபோர்னியா தரும் கிளினிக்கல் லேபரட்டரி சயின்டிஸ்ட் (சி.எல்.எஸ்.) உரிமம் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பயிற்சி ஆண்டில்தான் வந்து நிற்கின்றன. பட்டம் இருக்கிறது, தேர்வு எழுதவும் தயார், நடுவில் இருக்கும் அந்த 52 வாரத்துக்கு இடம்தான் கிடைக்கவில்லை என்கிறார்கள். நான் சென்ட்ரல் வேலியில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் இருக்கிறேன். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு ஹெமடாலஜி (ரத்த அணுச் சோதனை) பெஞ்சில், அதாவது அந்தப் பிரிவின் வேலை மேசையில், சொல்லிக்கொடுப்பதும், அவர்களைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணலில் உட்காருவதும் என் வேலையில் அடக்கம். அங்கே பார்ப்பதை வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: தமிழ்நாட்டில் எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி முடித்தேன். இங்கே ஒரு பயோடெக் நிறுவனத்தில் ஐந்து வருடமாக ஆராய்ச்சிப் பிரிவில் வேலை. பி.சி.ஆர்., செல் கல்ச்சர், எலைசா எல்லாம் தினமும் செய்கிறேன். இந்த அனுபவத்தைப் பயிற்சி ஆண்டுக்குப் பதிலாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா, மேடம்? ஐந்து வருடம் வேலை பார்த்தவளை மறுபடி மாணவியாக உட்காரச் சொல்வது நியாயமா?
– வாசகி, ஃப்ரீமான்ட்

எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நியாயமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான் என்று நான் மனதார நம்புகிறேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வி வேறு வேறு வடிவில் பல கடிதங்களில் இருக்கிறது.

முதலில் விதி. உரிமம் தருவது கலிஃபோர்னியா பொதுச் சுகாதாரத் துறையின் கீழ் இயங்கும் லேபரட்டரி ஃபீல்ட் சர்வீசஸ். எல்லோரும் எல்.எஃப்.எஸ். என்பார்கள். பொது சி.எல்.எஸ். உரிமத்துக்கு அவர்கள் கேட்கும் பயிற்சி, நோயாளிகளின் மாதிரிகளைச் சோதித்து முடிவு வெளியிடும் ஆய்வகத்தில் நடந்திருக்க வேண்டும். அந்த ஆய்வகம் பயிற்சி தருவதற்கென்று துறையின் ஒப்புதலும் பெற்றிருக்க வேண்டும். ஹெமடாலஜி, கெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, பிளட் பாங்க் என்று ஒவ்வொரு பிரிவிலும் சுற்றி வர வேண்டும். ஆராய்ச்சிக் கூடத்தின் முடிவு எந்த நோயாளியின் கோப்புக்கும் போவதில்லை. மருத்துவ ஆய்வகங்களின் தரத்துக்காக 1988-இல் வந்த கிளியா என்னும் அமெரிக்க மத்திய அரசுச் சட்டத்தின் கண்காணிப்பிலும் அது இல்லை. நீங்கள் ஐந்து வருடம் செய்த பி.சி.ஆர். எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் அது இந்தக் கணக்கில் சேராது.

இனி, விதிக்குப் பின்னால் இருக்கும் காரணம். எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண்ணும் உங்களைப் போல ஆராய்ச்சியிலிருந்து வந்தவர்தான். கெமிஸ்ட்ரி ரொட்டேஷனில் ஒரு நோயாளியின் முடிவு திரையில் வந்தது: பொட்டாசியம் 8.6, கால்சியம் 4.1. ஆராய்ச்சிக் கூடத்துப் பழக்கப்படி அவர் மாதிரியைத் திரும்ப ஓட்டினார். அதே எண்கள் வந்தன. எந்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கியூ.சி. (தரக் கட்டுப்பாட்டுச்) சோதனை இரண்டு மட்டத்திலும் வரம்புக்குள் இருந்தது. எந்திரத்தில் குறை இல்லை, திரும்பச் செய்தாலும் மாறவில்லை, ஆகவே முடிவு உண்மை என்று அவர் எண்ணியிருக்கலாம். எண்ணவில்லை. அந்த இரண்டு எண்களும் சேர்ந்து வந்ததுதான் அவரை நிறுத்தியது. ஊதா மூடிக் குழாயில், ரத்தம் உறையாமல் தடுக்க இருக்கும் ஈ.டி.டி.ஏ. பொட்டாசியம் உப்பாக இருப்பதால் பொட்டாசியத்தைக் கூட்டும், கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வார்டுக்குப் போன் செய்து, எந்தக் குழாயை முதலில் நிரப்பினீர்கள் என்று கேட்டார். ஊதாக் குழாயில் எடுத்த ரத்தத்தில் கொஞ்சத்தைக் கெமிஸ்ட்ரி குழாயில் ஊற்றியிருந்தார்கள். புதிதாக எடுத்த மாதிரியில் இரண்டும் சாதாரண அளவில் இருந்தன.

அந்த 8.6 அப்படியே போயிருந்தால், பொட்டாசியத்தைக் குறைக்கும் மருந்தை அது தேவையே இல்லாத ஒருவருக்கு ஏற்றியிருப்பார்கள். பயிற்சி ஆண்டில் கற்பது இதைத்தான். எந்திரத்தை இயக்க இரண்டு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் எந்த எண்ணை நம்பக் கூடாது, யாரைக் கூப்பிட வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் பிரிவு பிரிவாக, ஆயிரக்கணக்கான மாதிரிகள் கையில் போய் வந்த பிறகுதான் படியும். பிளட் பாங்கில் ஒருவரின் இன்றைய ரத்தப் பிரிவு பழைய பதிவோடு ஒத்துப்போகவில்லை என்றால் குழாயில் இருப்பது வேறொருவர் ரத்தமோ என்று சந்தேகிக்க வேண்டும். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சரில், எடுத்த பாட்டில்களில் ஒன்றில் மட்டும் கோஆகுலேஸ் நெகட்டிவ் ஸ்டஃபைலோகாக்கஸ் என்னும் தோல் பாக்டீரியா வளர்ந்தால், அது தோலில் இருந்து வந்ததா, ரத்தத்தில் இருப்பதா என்று யோசிக்க வேண்டும். உங்கள் ஐந்து வருடத்தில் பைப்பெட் பிடிக்கும் கை வந்திருக்கிறது, பொறுமை வந்திருக்கிறது. அவை பெரிய சொத்து. ஆனால் இந்தச் சந்தேகம் நோயாளி மாதிரிகளோடு பழகித்தான் வரும்.

இன்னொரு வாசலும் உங்களுக்கு இருக்கலாம். உங்கள் நிறுவனத்தில் கிளியா சான்று பெற்ற கிளினிக்கல் ஆய்வகம் தனியாக இருந்தால், மரபணு மூலக்கூறு சோதனைகளுக்கு மட்டுமான உரிமம் ஒன்றும் கலிஃபோர்னியாவில் உண்டு. கிளினிக்கல் ஜெனெட்டிக் மாலிக்யூலர் பயாலஜிஸ்ட் சயின்டிஸ்ட் என்பது அதன் பெயர். அதற்கும் பயிற்சி வேண்டும், ஆனால் அந்த ஒரு துறையில் மட்டும். மாலிக்யூலர் வேலைதான் உங்களுக்குப் பிடிக்கும், பொது மருத்துவமனை ஆய்வகத்துக்கு வரும் எண்ணம் இல்லை என்றால் அதை விசாரியுங்கள். நாளை மருத்துவமனையில் இரவு ஷிஃப்டில் தனியாக எல்லாப் பிரிவையும் பார்க்கும் வேலை வேண்டும் என்றால் அந்த உரிமம் போதாது.

கேள்வி: நான் படித்தது மூன்று வருட பி.எஸ்ஸி. பயோகெமிஸ்ட்ரி, பிறகு எம்.எஸ்ஸி. டிரான்ஸ்கிரிப்டை அனுப்பினால் போதுமா? எந்தப் பாடம் குறையும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், சான் ரமோன்

டிரான்ஸ்கிரிப்ட் மட்டும் போதாது. வெளிநாட்டுப் பட்டத்தை இங்குள்ள மதிப்பீட்டு நிறுவனம் ஒன்று பார்த்து அறிக்கை தர வேண்டும். எல்.எஃப்.எஸ். ஏற்கும் நிறுவனமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பட்டம் எதற்குச் சமம் என்று மட்டும் சொல்லும் அறிக்கை மலிவாகக் கிடைக்கும், அதை வாங்காதீர்கள். பாடம் பாடமாக யூனிட் போட்டுத் தரும் அறிக்கைதான் வேண்டும். மூன்று வருட பி.எஸ்ஸி.யைத் தனியாகக் காட்டினால் இங்குள்ள நான்கு வருடப் பட்டத்துக்குச் சமமாகக் கொள்ளத் தயங்குகிறவர்கள் உண்டு. அதனால் பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. இரண்டையும் சேர்த்தே மதிப்பிடக் கொடுங்கள்.

பாடக் கணக்கு இது: வேதியியலில் 16 செமஸ்டர் யூனிட், உயிரியலில் 18, இயற்பியலில் 3. வேதியியலுக்குள் கிளினிக்கல் கெமிஸ்ட்ரி இருக்க வேண்டும், அல்லது அனலிட்டிக்கல் கெமிஸ்ட்ரியும் பயோகெமிஸ்ட்ரியும் இருக்க வேண்டும். உயிரியலுக்குள் ஹெமடாலஜி, இம்யூனாலஜி, மெடிக்கல் மைக்ரோபயாலஜி மூன்றும் வேண்டும். இயற்பியலில் ஒளியும் மின்சாரமும் வர வேண்டும்.

நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று ஹெமடாலஜி. நம் பாடத்திட்டங்களில் அது உடலியங்கியல் தாளுக்குள் ஓர் அலகாக ஒளிந்திருக்கும், தனிப் பாடமாக மார்க் ஷீட்டில் தெரியாது. மற்றொன்று இயற்பியல். மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி படித்தவர்கள் பலர் கல்லூரியில் இயற்பியலைத் தொட்டே இருக்க மாட்டார்கள். பிளஸ் டூவில் படித்தது கணக்கில் வராது. உங்கள் பி.எஸ்ஸி.யில் துணைப் பாடமாக இயற்பியல் இருந்திருந்தால் பாடத்திட்ட நகலைக் கல்லூரியில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒளியியலும் மின்னியலும் அதில் இருந்தன என்று காட்ட உதவும். குறைகிற பாடத்தை இங்கே கம்யூனிட்டி காலேஜிலோ பல்கலைக்கழகங்களின் எக்ஸ்டென்ஷன் பிரிவிலோ படித்துவிடலாம். ஹெமடாலஜி எல்லாக் கம்யூனிட்டி காலேஜிலும் இருக்காது, எக்ஸ்டென்ஷனில் தேடுங்கள்.

பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறையில் டிரான்ஸ்கிரிப்ட் வருவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஊரில் அண்ணனோ தங்கையோ யாராவது ஒருவர் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நேரில் போய்வரத் தயாராக இருந்தால் இன்றே சொல்லி அனுப்புங்கள். மற்ற எல்லா வேலையும் இந்த ஒரு உறைக்காகக் காத்துக் கிடக்கும்.

கேள்வி: என் சித்தப்பாவின் நண்பர் ஒரு சிறிய ஆய்வகம் நடத்துகிறார். அங்கே ஒரு வருடம் கற்றுக்கொண்டு, பிறகு அவரிடம் கடிதம் வாங்கிக்கொள்ளலாமா? டிரெய்னி லைசென்ஸ் பிறகு எடுத்தால் ஆகாதா?
– வாசகர், லாஸ் ஏஞ்சலஸ்

வேண்டாம். அந்த ஒரு வருடம் முழுக்க வீணாகும். கலிஃபோர்னியாவில் பயிற்சியின் முதல் நாளுக்கு முன்பே டிரெய்னி லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும், பயிற்சி தரும் ஆய்வகமும் அதற்கு ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். இரண்டில் எது இல்லாவிட்டாலும் அந்த வாரங்கள் எண்ணப்படாது. அந்த நண்பர் எவ்வளவு நல்ல மனதோடு எழுதித் தந்தாலும் கடிதம் இதை மாற்றாது. டிரெய்னி லைசென்ஸுக்குத் தேர்வு எதுவும் கிடையாது. பாடங்கள் நிறைவாக இருக்கின்றனவா என்று மட்டுமே பார்க்கிறார்கள். குறை இருந்தால் எந்தப் பாடம் என்று எழுதி அனுப்புவார்கள். அந்தக் கடிதம் கிடைத்தால் மனம் தளர வேண்டாம், அடுத்து என்ன படிக்க வேண்டும் என்பதைத் துறையே உங்களுக்குச் சொல்லிவிட்டது. பயிற்சித் திட்டங்கள் பலவும் விண்ணப்பத்தோடு எல்.எஃப்.எஸ். கடிதத்தையும் கேட்கும். ஆகவே இன்று, நாளை என்று தள்ளிப்போடாமல் இதை முதலில் முடியுங்கள்.

கேள்வி: இரண்டு வருடமாக விண்ணப்பிக்கிறேன் அக்கா. டிரெய்னி லைசென்ஸ் தகுதி இருக்கிறது, மதிப்பெண்ணும் மோசம் இல்லை. ஒரு நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடவில்லை. இடம் ஏன் இவ்வளவு குறைவு? நான் என்ன செய்யவில்லை?
– வாசகி, சாக்ரமெண்டோ

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். குறை உங்களிடம் மட்டும் இல்லை என்பதை முதலில் மனதில் வையுங்கள்.

பயிற்சிக்கு ஒருவரை எடுத்தால், அவர் பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் நாள் முழுக்க நிற்க வேண்டும். மாணவர் 100 வெள்ளணுக்களை எண்ணி வகைப்படுத்திய ஸ்மியரை (கண்ணாடித் தகட்டில் பூசிய ரத்தத்தை) நானும் எண்ணி ஒப்பிட வேண்டும். அவர் பார்த்த ஒவ்வொரு முடிவையும் வெளியிடும் முன் நான் பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஆள் குறைந்த ஆய்வகத்தில் அந்த ஒருவரை விடுவிப்பது பெரிய முடிவு. அதனால்தான் பல மருத்துவமனைகள் ஒரு சுற்றுக்கு ஒருவர், இருவர் என்று மட்டும் எடுக்கின்றன. சில எடுப்பதே இல்லை. ஆள் பற்றாக்குறை என்று சொல்லிக்கொண்டே பயிற்சி தர மறுக்கும் ஆய்வகங்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. இன்றைக்கு ஒருவருக்குக் கற்றுக்கொடுக்காமல் நாளைக்கு ஆள் எங்கிருந்து வரும்? இதை என் மேலாளர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

இனி உங்கள் பக்கம். விண்ணப்பத்தோடு உங்களைப் பற்றி எழுதிய பெர்சனல் ஸ்டேட்மென்டின் நகலை அனுப்பியிருந்தீர்கள். அறிவியல் மேல் உங்களுக்கு ஆர்வம் என்று முதல் பத்தி முழுக்க இருக்கிறது. தேர்வுக் குழுவில் அதைப் படிக்கும் எனக்கு, நீங்கள் ஒரு கிளினிக்கல் ஆய்வகத்துக்குள் கால் வைத்திருக்கிறீர்களா என்றே தெரியவில்லை. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கலிஃபோர்னியாவில் லேப் அசிஸ்டென்ட் வேலைக்கு சி.எல்.எஸ். உரிமம் வேண்டாம். மாதிரிகளைப் பெற்றுப் பதிவுசெய்வது, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றுவது, பிரிவுகளுக்குப் பிரித்து அனுப்புவதுதான் அந்த வேலை. சம்பளம் குறைவு, பல நேரம் இரவு ஷிஃப்ட். ஆனால் ஆறு மாதத்தில், ரத்தச் சிவப்பணு உடைந்த மாதிரியை நிறத்தைப் பார்த்தே சொல்லக் கற்றுவிடுவீர்கள். எந்தப் பிரிவு எப்போது நெருக்கடியில் இருக்கும் என்று தெரியும். உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும் மேற்பார்வையாளர் உங்களை ராத்திரி மூன்று மணிக்கு வேலை செய்து பார்த்தவராக இருப்பார். பேராசிரியர் எழுதும் கடிதத்தைவிட அதை நான் அதிகம் மதிக்கிறேன்.

ரத்தம் எடுக்கும் சான்றும் உதவும். முதல் நிலை ஃபிளபாடமிஸ்ட் சான்றுக்கு 40 மணி நேர வகுப்பு, 40 மணி நேர நேரடிப் பயிற்சி, அதில் 50 சிரை ரத்தம், 10 விரல்குத்தல் எடுத்துக் காட்ட வேண்டும். அதைச் செய்தவர், எந்தக் குழாயை முதலில் நிரப்புவது என்ற வரிசையைப் புத்தகத்திலிருந்து ஒப்பிக்க மாட்டார். கையே சொல்லும்.

எங்கே விண்ணப்பித்தீர்கள் என்றும் பார்த்தேன். எல்லாம் சாக்ரமெண்டோவைச் சுற்றி. சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட், சான் ஹோசே ஸ்டேட், தெற்கே டொமிங்கஸ் ஹில்ஸ், லோமா லிண்டா என்று பல்கலைக்கழகங்கள் வழியாக நடக்கும் திட்டங்கள் உண்டு. மருத்துவமனைகள் தாமே நடத்துபவையும் உண்டு. பல்கலைக்கழகத் திட்டங்களில் வகுப்பு ஓரிடத்திலும் பெஞ்ச் பயிற்சி வேறு ஊர் மருத்துவமனையிலும் அமையலாம். பெரு நகரங்களை விட்டு விலகிய ஊர்களுக்குப் போகச் சம்மதிப்பவர்கள் குறைவு. ஓராண்டு வீட்டை விட்டு இருக்க முடியுமா என்று வீட்டில் பேசுங்கள். முடியும் என்றால் அதை விண்ணப்பத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். கடைசித் தேதி திட்டத்துக்குத் திட்டம் மாறும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே தாளில் குறித்து வையுங்கள்.

நேர்காணலில் நான் எப்போதும் கேட்கும் ஒரு கேள்வியைச் சொல்லிவிடுகிறேன், ரகசியம் இல்லை. முடிவை வெளியிட்ட பிறகு அது தவறு என்று உங்களுக்குத் தெரிகிறது, வேறு யாருக்கும் தெரியாது, என்ன செய்வீர்கள்? சிலர் வெகு நேரம் யோசிப்பார்கள். உடனே மருத்துவரைக் கூப்பிட்டுத் திருத்துவேன் என்று தயங்காமல் சொல்பவரையே நான் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள விரும்புவேன்.

கேள்வி: மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. பயிற்சியைப் பகுதி நேரமாகச் செய்ய முடியுமா? சம்பளம் தருவார்களா?
– வாசகி, ஃப்ரெஸ்னோ

முழு நேரம் என்றே திட்டமிடுங்கள். வாரத்தில் ஐந்து நாள், விடியற்காலையில் தொடங்கும் பகல் ஷிஃப்ட். வார்டுகளில் காலை ரத்தம் எடுத்து வரும் நேரம்தான் ஆய்வகத்தில் வேலை உச்சத்தில் இருக்கும், கற்க அதுவே நல்ல நேரம். வீட்டுக்கு வந்தால் படிப்பும் இருக்கும். சில இடங்களில் உதவித்தொகை உண்டு, பல இடங்களில் இல்லை. பல்கலைக்கழகத் திட்டம் என்றால் நீங்கள்தான் கட்டணம் கட்ட வேண்டும். குழந்தையைக் காலை ஐந்தரைக்கு யார் பார்ப்பது என்பதற்கு விடை கிடைத்த பிறகு விண்ணப்பியுங்கள். எங்களிடம் வந்த தாய்மார்கள் முடித்திருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் வீட்டில் உறுதியான துணை இருந்தது. ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ வர முடிந்தால், ஆறு மாதம் ஒருவர், அடுத்த ஆறு மாதம் ஒருவர் என்று முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

கேள்வி: கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கிறேன். பயிற்சியில் சேரலாமா?
– வாசகி, இர்வைன்

எச்-4-இல் படிக்கலாம். வேலைக்கு அனுமதி அட்டை வேண்டும். மருத்துவமனைப் பயிற்சி படிப்பா, வேலையா என்பது திட்டம் எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. சம்பளம் இல்லை என்பதாலேயே அது வேலை இல்லை என்று ஆகிவிடாது. சில திட்டங்கள் வேலை அனுமதி இருந்தால்தான் விண்ணப்பத்தையே ஏற்கும். திட்டத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பிறகு குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். தெரிந்தவர்கள் சொல்வதை வைத்து இதில் முடிவு எடுக்கவே கூடாது.

கேள்வி: இப்போது டாலஸில் இருக்கிறோம். இரண்டு வருடத்தில் கலிஃபோர்னியா வரலாம். இங்கேயே பயிற்சி முடித்துவிட்டு வந்தால் செல்லுமா?
– வாசகர், டெக்சஸ்

நல்ல யோசனை. டெக்சஸில் ஆய்வக ஊழியருக்குத் தனி மாநில உரிமம் கிடையாது. கலிஃபோர்னியா, நியூயார்க், ஃபுளோரிடா போன்ற சில மாநிலங்கள் மட்டுமே அதைக் கேட்கின்றன. டெக்சஸிலேயே, ஆய்வகப் படிப்புகளை அங்கீகரிக்கும் என்.ஏ.ஏ.சி.எல்.எஸ். அமைப்பின் அங்கீகாரம் பெற்ற மெடிக்கல் லேபரட்டரி சயின்ஸ் திட்டம் ஒன்றில் சேர்ந்து முடியுங்கள். எந்தப் பிரிவில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்று ஆய்வக இயக்குநரின் கையெழுத்தோடு கிளம்பும் முன்பே வாங்கி வையுங்கள். ஆள் மாறிப்போன பிறகு அந்தக் கையெழுத்துக்காக அலைவது கொடுமை. கலிஃபோர்னியா கேட்கும் இயற்பியல் 3 யூனிட் அங்குள்ள திட்டத்தில் இருக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள். அது விடுபட்டு வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: அடுத்த மாதம் என் 52 வாரம் முடிகிறது. தேர்வுக்கு எவ்வளவு இடைவெளி விடலாம்?
– வாசகி, சான் டியேகோ

வாழ்த்துகள். இடைவெளி விடாதீர்கள். ஏ.எஸ்.சி.பி. என்னும் சான்றளிப்பு அமைப்பு நடத்தும் எம்.எல்.எஸ். (மெடிக்கல் லேபரட்டரி சயின்டிஸ்ட்) தேர்வில் 100 கேள்விகள், இரண்டரை மணி நேரம், தேர்ச்சிக்கு அவர்களுடைய தனி மதிப்பெண் அளவுகோலில் 400. கணினி உங்கள் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தை மாற்றும். ஆகவே கேள்விகள் கடினமாகிக்கொண்டே போனால் பயப்பட வேண்டாம், நீங்கள் நன்றாகச் செய்கிறீர்கள் என்றே பொருள். விட்ட கேள்விக்குப் பிறகு திரும்பி வரலாம் என்று எதையும் காலியாக விட முடியாது, ஒரு விடையைக் குறித்துவிட்டே நகர வேண்டும். பிளட் பாங்க் ஆன்டிபாடி பேனல்களைத் தாளில் போட்டுப் பழகுங்கள். ரொட்டேஷனில் கடைசியாக முடித்த பிரிவு நினைவில் இருக்கும், முதலில் முடித்தது மங்கியிருக்கும். அந்த முதல் பிரிவிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். கலிஃபோர்னியாவின் ஆய்வகச் சட்டம் பற்றிய வினாடி வினா ஒன்றும் உண்டு, அதையும் இந்த மாதத்திலேயே முடித்துவிடுங்கள். கடைசி நாளன்று பயிற்சிச் சரிபார்ப்புப் படிவத்தில் ஆய்வக இயக்குநரின் கையெழுத்து விழுந்துவிட்டதா என்று நேரில் கேட்டு, ஒரு நகல் எடுத்துக்கொண்டு வாருங்கள்.